பொன்னியின் செல்வன் மறுபடி படிச்சேன், ஒட்டவே மாட்டேங்குது. தப்பு என் மேலயா, புக் மேலயா?

ஏரிக்கரையான்:

திட்டறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க, ப்ளீஸ். பத்தாவது லீவுல அஞ்சு பாகத்தையும் பன்னெண்டு நாள்ல முடிச்சவன் நான். சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல புக்க விரிச்சு வச்சு வத்தக்குழம்பு சிந்தி முதுகுல ரெண்டு வாங்கினவன். சொந்த ஊர் வேற காட்டுமன்னார்கோயில் பக்கம், அதனால முதல் அத்தியாயத்துல வந்தியத்தேவன் வீராணம் கரைமேல குதிரைல வர்றப்ப, இது எங்க ஏரிடான்னு ஒரு திமிரே இருந்துச்சு.

இப்ப வயசு 43. படம் பார்த்துட்டு பொண்ணு ஆயிரம் கேள்வி கேக்குறா, சரின்னு மறுபடி எடுத்தேன். மூணாவது பாகத்துல நிக்கிது வண்டி, ஒன்றரை மாசமா.

முதல் பிரச்சனை, இந்தக் கதைல எல்லாரும் ஒளிஞ்சு நின்னு கேக்கறாங்க. கடம்பூர் மாளிகைல நள்ளிரவுக் கூட்டம், ஹீரோ ஒளிஞ்சு கேக்கறான், அங்க மதில் மேல ஒற்றன் ஆழ்வார்க்கடியான் தலையும் தெரியுது. திருப்புறம்பயம் பள்ளிப்படைல சதிகாரங்க சபதம் போடறாங்க, அங்கயும் ஆழ்வார்க்கடியான் ஒளிஞ்சு கேக்கறான். தஞ்சாவூர் நிலவறைக்குப் போனா அங்க இருட்டுல வந்தியத்தேவன். ஒரு சாம்ராஜ்யத்தோட மொத்த ரகசியமும் செவுத்துக்கு பின்னாடி நின்னவன் காதுல விழுந்துதான் கதை நகருது. பதினஞ்சு வயசுல இது த்ரில்லா இருந்துச்சு. இப்ப, இவ்ளோ பெரிய அரண்மனைல கதவ சாத்திட்டு பேச மாட்டீங்களாடான்னு தோணுது.

ரெண்டாவது, அருள்மொழி. அதான் பொன்னியின் செல்வன், பின்னாடி ராஜராஜ சோழன். அவருக்கு குறையே கிடையாது. யானை கேக்குது, கடல் கேக்குது, பிக்குங்க கேக்கறாங்க, மக்கள் அழறாங்க. குறை இல்லாத ஆளோட எவ்ளோ நேரம்தான் உக்காந்திருக்க முடியும்?

மூணாவதுதான் என்னைய உண்மைலயே ஆட்டிருச்சு. எங்ககிட்ட இருக்கறது அம்மா பைண்ட் பண்ணது. கல்கி பத்திரிகைல திரும்பவும் தொடரா வந்தப்ப வாரா வாரம் பின்ன கழட்டி, பக்கத்த பிரிச்சு, ஊசி நூல் போட்டு தச்சு வச்சது. பின் இருந்த எடத்துல எல்லாம் துருக் கறை, சில பக்கத்துக்குப் பின்னால பாதி ஜோக்கு, பாதி சமையல் குறிப்பு. மூணாவது பாகம் கொலை வாள் நடுவுல ஒரு வாரம் இல்ல. அந்த எடத்துல அம்மா ஒரு நோட்டுப் பேப்பர வச்சு தச்சு, பென்சில்ல, "இந்த வாரம் புக் வரவில்லை, எதிர்வீட்டு அக்கா சொன்ன கதை"ன்னு போட்டு நாலு வரி எழுதி வச்சிருக்காங்க. பத்தாவதுல படிச்சப்பவும் அந்த நாலு வரியத்தான் படிச்சேன், அடுத்த அத்தியாயத்துக்குப் போய்ட்டேன். எதுவும் விட்டுப்போன மாதிரியே தெரியல! இப்ப அந்த அத்தியாயத்த நெட்ல எடுத்து படிச்சேன். அம்மாவோட நாலு வரில இல்லாதது அதுல ஒண்ணுமில்ல, ரெண்டு வர்ணனை, ஒரு பாட்டு, அவ்ளோதான்.

ஒரு அத்தியாயம் நாலு வரில அடங்குதுன்னா, இந்த 293 அத்தியாயத்துல எவ்ளோ நிஜமாவே தேவை? தமிழோட மிகப்பெரிய நாவல்னு நாம சொல்றது பழக்க தோஷமா?

திண்ணைவாசி:

தம்பி, கோபமெல்லாம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. நீங்க பந்தி சாப்பாட்ட பார்சல் வாங்கி ஒரே வேளைல தின்னுட்டு செரிக்கலன்னு சொல்றீங்க.

கல்கி பத்திரிகைல தொடரா 1950 அக்டோபர் கடைசில ஆரம்பிச்சது, 1954ல முடிஞ்சுது. மூணரை வருஷத்துக்கு மேல. எங்க பாட்டி வீட்ல (மாயவரம் பக்கம்) தெருவுக்கே ரெண்டு காப்பிதான் வரும்னு சொல்வாங்க, சாயங்காலம் பெரிய மாமா திண்ணைல உக்காந்து சத்தமா வாசிப்பார், பாட்டி அரிசி பொடைச்சுக்கிட்டே கேப்பாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்க வராது. போன வாரம் யார் எங்க நின்னாங்கன்னு அவங்களுக்கு ஞாபகப்படுத்தணும், நடுவுல எந்திரிச்சு போய் பால் காய்ச்சிட்டு வந்தா கதை புரியணும். நீங்க வெட்டிப்பேச்சுன்னு சொல்ற பாதி, காதால கேக்கறவங்களுக்காக எழுதினது. "நேயர்களே"ன்னு கூப்புடறது சும்மா ஸ்டைலுக்கு இல்ல.

ஒளிஞ்சு கேக்கறதுக்கு வர்றேன். யோசிச்சுப் பாருங்க, தஞ்சாவூர்ல ஒரு கோஷ்டி, பழையாறைல ஒரு கோஷ்டி, காஞ்சிபுரத்துல அண்ணன் ஆதித்த கரிகாலன், ஈழத்துல தம்பி அருள்மொழி. போன் இல்ல, தந்தி இல்ல. இத்தனை பேரையும் ஒரே கயித்துல கட்டணும்னா ஒரு ஆள் ஓலைய எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போகணும், போற எடத்துலெல்லாம் அவன் காதுல ஏதாவது விழணும். வந்தியத்தேவன் ஹீரோவே இல்ல, தபால்காரன். ஒரு தபால்காரன ஹீரோ ஆக்கிட்டு இளவரசன ரெண்டாவது பாகத்துலதான் கண்ணுல காட்டறாரு பாருங்க, டைட்டில்ல இருக்கறவன் ஒரு பாகம் முழுக்க மேடைக்கே வரல, எவ்ளோ தைரியம் வேணும் அதுக்கு! கல்கி இதுக்கு நடுவுல பத்திரிகையும் நடத்தறாரு, தலையங்கம் எழுதறாரு. முடிச்ச அதே வருஷம் டிசம்பர்ல போய்ட்டாரு, 55 வயசு.

அப்புறம் அந்த நாலு வரி. ஒரு வாரம் புக்கு வரலன்னு எதிர்வீட்ல போய் கதை கேட்டு, அத எழுதி, தச்சு வச்சிருக்காங்க உங்கம்மா. சுமாரான கதைக்கு யாராவது இதச் செய்வாங்களா? உங்க ஆதாரம் உங்களுக்கு எதிராத்தான் பேசுது.

ஒரு யோசனை, கேட்டா கேளுங்க. கண்ணால படிக்காதீங்க. பொண்ணுக்கு தினம் ஒரு அத்தியாயம் சத்தமா வாசிங்க.

கல்லெழுத்து:

ஏரிக்கரையான் சார், காட்டுமன்னார்கோயில்னு சொல்லிட்டு ஒளிஞ்சு கேக்கறதப் பத்தி பேசிட்டிருக்கீங்களே. இந்த நாவலோட கொலைக் கேஸ் எஃப்ஐஆரே உங்க ஊர்லதான் இருக்கு, உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவில் செவுத்துல! ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு கல்வெட்டு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்னு போட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் வருது. ரவிதாசனுக்குப் பட்டம் பஞ்சவன் பிரம்மாதிராஜன், அதாவது நாவல்ல வர்ற மாதிரி காட்டுல ஆந்தை மாதிரி கத்திட்டு திரியற மந்திரவாதி இல்ல, அரசாங்கத்துல பெரிய உத்தியோகம் பார்த்த பிராமணர். இதுல வேடிக்கை என்னன்னா அந்தக் கல்வெட்டு கொலைய சொல்றதுக்காக வெட்டினதே இல்ல. அவனுங்க நிலம், சொந்தக்காரங்க நிலம் எல்லாம் பறிமுதலாகி, அத ஒருத்தர் விலைக்கு வாங்கி தர்மத்துக்கு எழுதி வச்ச பத்திரம். கிரயப் பத்திரத்துல முன் சொத்து விவரம் எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி போற போக்குல ஒரு யுவராஜா கொலை வருது.

என் பிரச்சனை அத்தியாய நீளம் இல்ல. இந்த நாவல படிச்சுட்டு ஊர்ல முக்காவாசி பேர் சோழர் வரலாறு தெரியும்னு நினைக்கறது.

கொலை நடந்து ராஜராஜன் பட்டத்துக்கு வர்ற 985 வரைக்கும் பதினஞ்சு வருஷம் போல உத்தம சோழன் ஆட்சி. அவ்ளோ நாளும் கொலைகாரங்க சொத்து மேல கைவச்ச மாதிரி தெரியல. அதனாலதான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேலயே சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அத ஏத்துக்கல. ரெண்டு பேர் புத்தகமும் கல்கி எழுத ஆரம்பிச்சப்ப இருந்தது. இப்ப கல்கி என்ன பண்றாரு பாருங்க. சந்தேகத்துக்குரிய உத்தம சோழன, அதாவது மதுராந்தகன, அப்படியே தூக்கிட்டு, அவன் உண்மையான மகனே இல்ல, குழந்தைலயே மாத்திட்டாங்க, நிஜ உத்தம சோழன் நம்ம பூக்கார சேந்தன் அமுதன்தான்னு ஆக்கிட்டாரு. சிம்மாசனத்துல உக்காந்தவன் மேல கறை படக்கூடாதுன்னு ஆளையே மாத்திட்டாரு சார்! நாவல்ங்கற முறைல அபாரமான தந்திரம். வரலாறா பார்த்தா ஒரு ஃபைல க்ளோஸ் பண்ணிட்டாரு. கத்தி யார் குத்தினதுன்னும் கடைசி வரைக்கும் புகைமூட்டம், தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் நான்தான்னு பழிய தலைல போட்டுக்கிட்டு போய்ச் சேர்றாரு.

அஞ்சாவது பாகம் பேரே தியாகச் சிகரம். ராஜராஜன் ராஜ்ஜியத்த சித்தப்பா உத்தம சோழனுக்கு விட்டுக்குடுத்தார்ங்கற கதை எங்க வருது? திருவாலங்காட்டுச் செப்பேட்டுல. அது யார் காலத்துது? அவர் மகன் ராஜேந்திரன் காலத்துது. எங்கப்பா ரொம்ப நல்லவருன்னு மகன் அரண்மனைல எழுதின பாட்டு. அதுக்கு மேல கட்டினதுதான் அந்தச் சிகரம்.

இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், அந்தக் கல்வெட்டப் பத்தி எனக்குத் தெரிய வந்ததே இந்த நாவலாலதான். அதனால பாதி வாய மூடிக்கறேன்.

டீக்கட_பெஞ்ச்:

வந்தியத்தேவன் = தார்த்தன்யான், நந்தினி = மிலேடி (ரெண்டு பேரும் டூமாவோட த்ரீ மஸ்கடியர்ஸ் ஆளுங்க), மாத்தி வச்ச இளவரசன் = பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா கடைல எப்பவும் ஸ்டாக் இருக்கற சரக்கு. இத நான் சொன்னா அடிக்க வர்றாங்க. ப. சிங்காரத்தோட நாவல் புயலிலே ஒரு தோணி 1972ல வந்துச்சு, அத எத்தன பேர் படிச்சீங்கன்னு கை தூக்குங்க பார்ப்போம். எல்லாரும் படிச்சதாலயே பெரிய நாவலாகிடாது.

திண்ணைவாசி:

@டீக்கட_பெஞ்ச் ரெண்டையும் படிச்சவன் நான், கை தூக்கியாச்சு. டூமா கடை சரக்குதான், ஒத்துக்கறேன். ஆனா டூமாகிட்ட ஆடிப்பெருக்கு கிடையாது, அறுபத்துநாலு விழுப்புண்ணோட நின்னுக்கிட்டு சின்னப் பொண்ணு முன்னாடி கூனிக் குறுகற பழுவேட்டரையர் கிடையாது. அந்தக் கிழவன் ஒருத்தன் போதும்யா.

வடமராட்சிப்_பெடியன்:

நான் தொண்டைமானாறு பக்கம். பொன்னியின் செல்வனில எங்கட ஆறும் வருது, அத முதல் தரம் வாசிக்கேக்க பக்கத்த மடிச்சு வச்சிட்டு ஆத்தங்கரைக்குப் போய் பாத்துட்டு வந்தனான், அப்ப பதினாலு வயசு. அதால உங்கட வீராணம் திமிர் எனக்கு நல்லா விளங்குது.

ஆனா ரெண்டாம் பாகத்த இப்ப வாசிக்க ஒரு மாதிரி இருக்கு. அனுராதபுரத்தில அருள்மொழி இடிஞ்ச விகாரையளத் திருத்திக் குடுக்கிறார், பிக்குமார் இரவிரவா கூடி இலங்கைச் சிம்மாசனத்தையே அவருக்குக் குடுக்கினம், அவர் வேண்டாம் எண்டுறார். வாசிக்க நல்ல வடிவு. உண்மையில நடந்தது என்ன? ராசராசன்ர படை வந்து அனுராதபுரம் அழிஞ்சுது, தலைநகர் பொலனறுவைக்குப் போச்சு. பிறகு ராசேந்திரன்ர காலத்தில இலங்கை ராசா அஞ்சாம் மகிந்தனைப் பிடிச்சுக்கொண்டு போச்சினம், அந்த மனுசன் சோழ நாட்டிலயே செத்தது. விகாரையள உடைச்சு பொன்னெல்லாம் அள்ளினவை எண்டு சூளவம்சம் சொல்லுது. அது பிக்குமார் எழுதின புத்தகம், அவையள் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பினம், அது வேற கதை.

இதில கல்கியக் குற்றஞ்சொல்ல எனக்கு முழு மனம் வரேல்ல. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ராசராசன் ஆனைமங்கலம் எண்ட ஊரையே குடுத்தவர், அது செப்பேட்டில இருக்கு. புத்த சமயத்துக்குக் குடுத்த கையும் அதுதான், அனுராதபுரத்துக்குப் படை அனுப்பின கையும் அதுதான். ரெண்டையும் ஒரே ஆளுக்குள்ள வச்சு எழுதியிருந்தா, ஏரிக்கரையான் அண்ணை கேக்கிற குறை உள்ள ஆள் வந்திருப்பார். அந்த நாவலை வாசிக்கத்தான் எனக்கு ஆசை. கல்கி ஒரு கையை மட்டும் காட்டிப்போட்டு மற்றதை முதுகுக்குப் பின்னால வச்சிட்டார்.

பொலனறுவைக்குப் போனா வானவன்மாதேவி ஈச்சரம் எண்டு ஒரு சின்னக் கற்கோயில் இருக்கு, சோழர் கட்டினது, முழுக்கக் கல்லுதான். போன வருசம் மனிசியோட போனனான். பக்கத்தில நிண்ட சிங்களக் குடும்பம் ஒண்டு லிங்கத்துக்குப் பூ வச்சுக் கும்பிட்டவை. நான் அப்ப ஆற்ற பக்கம் எண்டு எனக்கே தெரியேல்ல.

மழைக்கால_வாசகி:

ஆம்பளைங்க எல்லாரும் சேர்ந்து அருள்மொழி, உத்தமன், ராஜராஜன்னு பேசிட்டிருக்கீங்க. நாவல தூக்கி சுமக்கறவ நந்தினி, பெரிய பழுவேட்டரையரோட இளம் மனைவி. அவள எடுத்துட்டா அஞ்சு பாகம் அரை பாகம்.

நான் இப்ப நாலாவது தடவை முடிச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் இடிக்குது. பாண்டிய ராஜா வீரபாண்டியன் நந்தினிக்கு யாரு? ஆரம்பத்துல கரிகாலன் சொல்ற கதைல, குடிசைல அடிபட்டுக் கிடக்கறவன் அவளோட காதலன். அவ கால்ல விழுந்து உயிர்ப்பிச்சை கேக்கறா, இவன் தலைய வெட்டிட்டுப் போயிடறான். அப்புறம் கடம்பூர்ல அவ கரிகாலன் காதுல ஏதோ சொல்றா, அவன் ஆடிப்போயிடறான், நமக்கு அது அப்பான்னு புரியுது. அப்போ முதல்ல சொன்னது என்ன? வாரா வாரம் எழுதறப்ப கல்கி கை வழுக்கிடுச்சா, இல்ல அவ வேணும்னே பொய் சொன்னாளா, இல்ல அவளுக்கே அப்போ தெரியாதா? ரொம்ப வருஷமா கல்கி மறந்துட்டார்னுதான் நினைச்சேன். இந்தத் தடவை படிக்கறப்ப, அந்தக் குடிசைக் கதைய நமக்கு சொல்றது யாருன்னு பார்த்தேன். கரிகாலன். குற்றம் பண்ணவன் வாயால வர்ற சாட்சி. அவ என்ன சொன்னாளோ, இவன் காதுல என்ன விழுந்துச்சோ. செவுத்துக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேக்கற நாவல்ல, அந்த ஒரு சம்பவத்த மட்டும் யாருமே ஒளிஞ்சு நின்னு கேக்கல, ஏரிக்கரையான் சார், அத கவனிச்சீங்களா?

ஆனா கல்கிக்கு அவளப் பார்த்து பயம், அதையும் சொல்லிடறேன். அருள்மொழியோட அக்கா குந்தவை அரசியல் பண்ணா புத்திசாலி, நந்தினி பண்ணா நாகப்பாம்பு. ரெண்டு பேரும் பண்றது ஒண்ணுதான், ஆளுங்கள வச்சு காய் நகத்தறது. ஒருத்தி அரண்மனைல பொறந்தா, இன்னொருத்தி ஊமை அம்மாவுக்குப் பொறந்தா. அவ அழகப் பத்தி பக்கம் பக்கமா எழுதிட்டு, அவ தனியா ஒக்காந்து யோசிக்கறப்ப மட்டும் சீக்கிரமா கதவ சாத்திடறாரு.

இன்னொண்ணு, கடைசி அத்தியாயம். இத்தனை யுத்தம், சதி, மகுடம் எல்லாம் முடிஞ்சு, நாவல் எதுல முடியுது? பட்டாபிஷேகத்துல இல்ல. குந்தவை கல்யாணத்துலயும் இல்ல. மணிமேகலைங்கற பைத்தியம் பிடிச்ச பொண்ணு வந்தியத்தேவன் மடில செத்துப்போறதுல முடியுது. யாரும் அவளத் திரும்பிக்கூட பார்க்கல இத்தனை நாளா, ஏன் நானும்தான் பார்க்கல. சோழ சாம்ராஜ்யத்தப் பத்தி எழுதறேன்னு ஆரம்பிச்ச ஆளு, சாம்பலாப் போன ஒரு சின்னப் பொண்ணுகிட்ட வந்து பேனாவ வைக்கறாரு. இது வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளன் பண்ற வேலையா? எனக்கு அதுக்காகவே மிகப்பெரிய நாவல்ங்கற பேரு தகும். மத்த 292 அத்தியாயத்துக்கு உங்க மார்க்க நீங்க போட்டுக்கோங்க.

ஒரு புலம்பல். 1999ல நாட்டுடைமை ஆனதுல இருந்து யார் வேணா அச்சடிக்கலாம்னு ஆகிடுச்சு, நான் ஆன்லைன்ல வாங்கின மலிவுப் பதிப்புல "பழுவேட்டரையர்" ஒரே பக்கத்துல மூணு விதமா இருக்கார். தொடருக்கு மணியம் வரைஞ்ச ஓவியமும் இல்ல. ஓவியம் இல்லாத பொன்னியின் செல்வன் உப்பில்லாத ரசம். வாங்கறவங்க பார்த்து வாங்குங்க.

கல்லெழுத்து:

@மழைக்கால_வாசகி கரிகாலன் வாயால வர்ற சாட்சி... யம்மா. இத இத்தனை வருஷமா எப்படி விட்டேன்? நாலாவது பாகத்த எடுத்துட்டு உக்காரப் போறேன், ராத்திரி தூக்கம் போச்சு.

ஏரிக்கரையான்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

திண்ணைவாசி ஐயா சொன்னபடி பொண்ணுக்கு சத்தமா வாசிக்க ஆரம்பிச்சேன். முதல் நாள் ஏரி வர்ணனைலயே தூங்கிட்டா. ரெண்டாவது நாள் நானே பாதில தூங்கிட்டேன்னு சொல்றா. ஆனா ஒரு விஷயம் நிஜம், கண்ணுக்கு வளவளன்னு தெரிஞ்ச வாக்கியமெல்லாம் வாய்ல தடங்கலே இல்லாம போகுது. மூச்சு வாங்கற எடத்துல சரியா கமா வச்சிருக்காரு மனுஷன். அருள்மொழி விஷயத்துல நான் மாறல, வடமராட்சித் தம்பி சொன்ன அந்த ரெண்டாவது கைதான் எனக்கும் வேணும். நந்தினி மேட்டர் வர்ற வரைக்கும் நிறுத்தறதா இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப உடையார்குடி கோவிலுக்கும் போனோம். சின்ன வயசுல அந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்து பொங்கல் தின்னிருக்கேன், எது அந்தக் கல்வெட்டுன்னு எனக்குத் தெரியல, குருக்கள் கை காட்டின எடத்துல போட்டோ எடுத்துக்கிட்டு வந்தோம். அம்மாகிட்ட அந்த நாலு வரியப் பத்திக் கேட்டேன். எதிர்வீட்டு அக்கா கதைய தப்பா சொல்லிட்டா, அடுத்த வாரம் புக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது, சண்டையாகிடுச்சு, ரெண்டு மாசம் பேசலன்னாங்க.

பொண்ணு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டிருக்கா, "ஒளிஞ்சு கேட்டவர்கள்"னு தலைப்பு. யாராவது மறைஞ்சு நின்னா ஒரு கோடு போடறா. இன்னும் தஞ்சாவூர் கோட்டைய தாண்டல, அதுக்குள்ள ரெண்டாவது வரிசை ஆரம்பிச்சாச்சு. நேத்து ராத்திரி கதவு சந்துல நிழல் தெரிஞ்சுது, பார்த்தா அம்மா நிக்கறாங்க, கேட்டுட்டு. அவங்களுக்கும் ஒரு கோடு போட்டுட்டா.